எடுத்த இடத்தில் வை

இரும்புலியூரில் நாங்கள் போய்வந்த உடற்பயிற்சிக் கூடத்தின் மொத்தச் சொத்தையும் ஒரே மாட்டுவண்டியில் ஏற்றிவிடலாம். எண்பதுகளின் தொடக்கம் அது. கீற்றுக் கொட்டகை, இடுப்பளவு மண்சுவர், மண்தரை, அழுது வடியும் ஒரு பல்பு, ஆஞ்சநேயர் படம். பெயர்ப்பலகை கிடையாது. 'மாஸ்டர் ஜிம்மு' என்றால் தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் வழி சொல்வார்கள். உள்ளே சில ஜோடி கர்லாக்கட்டைகள், தண்டால் கட்டைகள், வளைந்த பார் ஒன்று, அவ்வளவாக வளையாத பார் ஒன்று, ஆணியில் தொங்கும் ஸ்பிரிங், ராத்தல் கணக்கு பொறித்த பழைய வார்ப்பிரும்புப் பிளேட்டுகள். நாடு கிலோவுக்கு மாறி இருபது வருஷம் ஆகியிருந்தது. மாஸ்டரின் இரும்புக்கு அந்தச் செய்தி எட்டவில்லை.

போதாததை நாங்களே செய்துகொண்டோம். 4 லிட்டர் பெயிண்ட் டப்பாவில் ஜல்லியும் சிமென்டும் கலந்து நிரப்பி, நடுவே கம்பியைச் சொருகி, காய்ந்ததும் மறுமுனைக்கு இன்னொரு டப்பா. டப்பா ஒன்றுக்கு ஒன்பதரை கிலோ வரவேண்டும். இரண்டு முனையும் ஒரே எடையில் அமைந்ததாக வரலாறு இல்லை. மேற்குத் தாம்பரத்தில் அறுபது வயதைத் தாண்டிய யாருக்காவது ஒரு தோள் சற்று உயர்ந்திருந்தால், அவர் எங்கள் கொட்டகைக்காரராக இருக்க வாய்ப்புண்டு.

எல்லாவற்றிலும் மதிப்பு மிக்கது ஒரு தண்டவாளத் துண்டு. தண்டவாளத்தை அப்போது கெஜத்துக்கு இத்தனை ராத்தல் என்று வகை பிரிப்பார்கள். மீட்டர்கேஜ் பாதையில் 60 ராத்தல் தண்டவாளம் உண்டு; அதில் ஒரு அடி வெட்டினால் 20 ராத்தல், அதாவது 9 கிலோ. எங்களுடையது ஒன்றரை அடி. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பவர்களுக்கென்றே 1966-இல் ஒரு சட்டம் வந்திருப்பது பையன்களுக்குத் தெரியாது. மாஸ்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை மட்டும் ஆஞ்சநேயர் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

மற்றவற்றுக்கும் அப்படியே ஒவ்வொரு இடம் இருந்தது. கர்லாக்கட்டைகள் செங்கல் மேல் போட்ட பலகையில் நிற்கும், கரையான் ஏறாமல் இருப்பதற்காக. பலகையின் கால்மாட்டில் வேப்பெண்ணெய் தடவியிருக்கும். பிளேட்டுகள் நடுக்கம்பத்தில் சாய்ந்திருக்கும், பெரியது உள்ளே, சிறியது வெளியே. பார் இரண்டும் மண்ணில் நட்ட கவைக்கொம்புகளில் குறுக்கே கிடக்கும். பஸ்கி போடும்போது தோளில் எடுத்துக்கொள்ள அதுவே வசதி. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் தையல் மிஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு இரும்பையெல்லாம் துடைக்க வேண்டும். இல்லையென்றால் தீபாவளிக்குள் துரு ஏறி, கைப்பிடியில் உள்ளங்கை கிழியும். அடுத்து ஆஸ்பத்திரியில் டி.டி. ஊசி.

மாஸ்டர் பெரிதாக எதுவும் சொல்லித்தந்ததாக ஞாபகம் இல்லை. வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். ஆனால் பிளேட் தரையில் விழும் சத்தத்துக்கும் கம்பத்தில் சாயும் சத்தத்துக்கும் அவர் காதுக்கு வித்தியாசம் தெரியும். "எடுத்த இடத்துல வை" என்று ஒரு குரல் வரும். இரண்டாம் முறை குரல் வராது. ஐம்பது பஸ்கிதான் வரும். இதற்கு ஒழுக்கம், பண்பு என்றெல்லாம் அவர் விளக்கம் சொல்லவில்லை. காரணம் மின்வெட்டு. சாயங்காலம் ஏழு மணிக்குக் கரண்ட் போனால் எப்போது வருமென்று தெரியாது, பயிற்சியும் நிற்காது. இருட்டில் கையை நீட்டினால் 10 ராத்தல் பிளேட் கம்பத்தடியில் இருக்க வேண்டும், யாருடைய கால் கட்டைவிரல் மேலேயும் இருக்கக் கூடாது.

பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. கட்டைவிரல் நசுங்கியவர்கள் எங்களில் உண்டு. புதிதாகச் சேர்ந்தவன் ஒரு மாசம் கொட்டகையைப் பெருக்கிய பிறகுதான் பாரைத் தொட முடியும். சீனியர்கள் எடுத்த இடத்தில் வைப்பது என்பது ஜூனியர்கள் கொண்டுபோய் வைப்பது என்றுதான் நடைமுறையில் இருந்தது. பெண்கள் யாரும் அந்த வாசற்படியை மிதித்ததில்லை. அதையும் ஒழுங்கில் சேர்த்தே நினைத்தோம்.

வருஷத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜை அன்றுதான் கணக்கெடுப்பு. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கினால் எது குறைகிறது என்று தெரிந்துவிடும். ஒரு வருஷம் 5 ராத்தல் பிளேட் ஒன்று குறைந்தது. பொரி விநியோகம் நிறுத்திவைக்கப்பட்டது. அரைமணியில் பக்கத்துத் தெருவின் ஊறுகாய் ஜாடி ஒன்றின் மூடி மேலிருந்து பிளேட் திரும்பி வந்தது.

இப்போது சேலையூருக்கு வருவோம்.

என் அக்கா பையன் கேம்ப் ரோடுக்குப் பக்கத்தில் ஜிம் ஆரம்பித்தான். மாடியில் இரண்டாவது தளம், முழுக்கக் கண்ணாடி, குளிர்சாதனம். கீழ்த்தளத்தில் இனிப்புக் கடை. ஒருவர் தொழிலுக்கு இன்னொருவர் ஆள் அனுப்பும் ஏற்பாடு என்று நான் நினைத்துக்கொண்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சும்மா இருக்கிறேன் என்பதாலும், பழைய ஜிம் ஆள் என்பதாலும், சாமான் வாங்க என்னைக் கூட்டிப்போனான். உண்மையில் எங்கும் போகவில்லை. சாமான் வருவது மீரட்டிலிருந்து. விலை பேசியது செல்போனில். விளையாட்டுச் சாமானுக்கு ஜலந்தரும் மீரட்டும் என்பது எங்கள் காலத்திலேயே உண்டு. எங்களுக்குக் கேரம்போர்டு காய் அங்கிருந்து வந்தது. இவனுக்கு லாரி லோடு.

"மாமா, எக்விப்மென்ட் முடிஞ்சிருச்சு. இனிமே ஸ்டோரேஜ்" என்று இன்னொரு கேட்லாக்கைத் திறந்தான். சாமான் வைக்கிற சாமானுக்குத் தனிப் புத்தகம். டம்பல்ஸுக்கு மூன்றடுக்கு ராக், பிளேட்டுக்கு ட்ரீ, பாருக்கு ஹோல்டர், கெட்டில்பெல்லுக்குத் தட்டு, பந்துகளுக்குக் கூண்டு, பேண்டுகளுக்குக் கொக்கி, தரையில் போடும் மேட்டுக்குச் சுவரில் ஒரு மேடை. விலையைக் கூட்டிப் பார்த்தபோது மாஸ்டரின் கொட்டகையை நிலத்தோடு வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது. அந்தக் கால விலைக்கு, அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் கேலி செய்ய உட்கார்ந்தவன் கணக்குப் போட ஆரம்பித்தேன். இரண்டரை கிலோவிலிருந்து 25 கிலோ வரை, இரண்டரை இரண்டரையாக ஏறும் பத்து ஜோடி டம்பல்ஸ். கூட்டினால் 275 கிலோ. ராக்கின் சொந்த எடையையும் சேர்த்தால் முந்நூறைத் தாண்டும். இவ்வளவும் ஆறடி நீளம், இரண்டடி அகலத்துக்குள் நிற்கும். வீட்டுத் தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ தாங்கும்படி வடிவமைக்கச் சொல்கிறது இந்தியத் தர விதி. இந்தக் கட்டடம் கடைகளுக்காகக் கட்டியது, ஆகவே அதைவிட அதிகம் தாங்கும். ஆனாலும் பார்க்க வந்த இன்ஜினியர், ராக்கை ஹாலின் நடுவில் வைக்காதீர்கள், பீம் ஓடும் சுவரோரமாக வையுங்கள் என்றார். அக்கா பையனுக்கு வருத்தம். நடுவில் வைத்தால்தான் போட்டோவில் எடுப்பாக இருக்குமாம். கீழே ஜிலேபி பிழியும் மனிதரை நினைத்து நான் இன்ஜினியர் பக்கம் நின்றேன்.

ராக்கிலும் ஜாதி உண்டு. ஆறுமுனை ரப்பர் டம்பல்ஸ் என்றால் சரிந்த தட்டே போதும், உருளாது. உருண்டை முனை என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கிண்ணம் போல இருக்கை வேண்டும். இருக்கைக்கும் இருக்கைக்கும் இடைவெளி குறைந்தால் எடுக்கும்போது விரல் மாட்டும். கனமானது கீழ் அடுக்கில், இடுப்புக்கு மேலே இலேசானது மட்டும். இதை மாஸ்டரும் ஒப்புக்கொண்டிருப்பார். இரும்புக் குழாயின் தடிப்பு 3 மில்லிமீட்டரா 2 மில்லிமீட்டரா என்பதுதான் விலை வித்தியாசத்தின் சூட்சுமம். கேட்லாக்கில் படம் இரண்டுக்கும் ஒன்றுதான். வீட்டில் ஒருவர் பயன்படுத்த 2 போதும். நாள் முழுக்க நாற்பது பேர் மேலிருந்து 'டொம்' என்று போடும் இடத்தில் 3-க்குக் குறையக் கூடாது.

பாதி ராக்கை மீரட்டுக்குப் பதில் நம்மூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துவிடலாம் என்றேன். மாடிப்படிக்கும் கம்பி கேட்டுக்கும் வெல்டிங் வைக்கிறவருக்கு மூன்றடுக்கு ராக் பெரிய காரியமில்லை. அளவெடுக்க வந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுல என்ன சார் வெப்பீங்க?" என்றார். டம்பல்ஸ் என்றேன். "தூக்கறதுக்கா, வெக்கறதுக்கா?" என்று கேட்டார். நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கும் கேள்வி அது. அவர் ரெட் ஆக்ஸைடு அடித்து, மேலே கறுப்பு எனாமல் பூசிக் கொடுத்த ராக் இன்னும் ஆடாமல் நிற்கிறது. பவுடர் கோட்டிங் பளபளப்பு மட்டும் இல்லை என்பதால், கண்ணாடி ஹாலில் இடம் கிடைக்காமல் உடை மாற்றும் அறைப் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

கேட்லாக்கின் கடைசிப் பக்கத்தில்தான் எனக்கு அதிர்ச்சி. 'ஸ்டீல் கிளப்' என்று ஒன்று. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கர்லாக்கட்டை! மரத்துக்குப் பதில் இரும்பு, அவ்வளவுதான். இங்கிருந்து வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு கப்பல் ஏறிய கட்டை, 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பள்ளிக்கூடம் வரை சுற்றியிருக்கிறது. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கிலும் 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் கட்டை சுழற்றுவதற்குப் பதக்கமே கொடுத்திருக்கிறார்கள். ஊரெல்லாம் சுற்றிவிட்டு, ஆங்கிலப் பெயரோடும் தனக்கென ஒரு ஸ்டாண்டோடும் சேலையூருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. "இது நம்ம கர்லாடா" என்றேன். "அப்படியா மாமா? இதுக்குத் தனி கிளாஸ் வெச்சு தனி ஃபீஸ் வாங்கலாம்" என்றான். ஸ்டாண்டையும் சேர்த்தே வாங்கினான். செங்கலும் பலகையும் போதும் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. கிரானைட் தரையில் கரையான் ஏது.

வீட்டு ஜிம் விவகாரம் இதைவிடச் சிக்கலானது. ராஜகீழ்ப்பாக்கத்தில் மகள் வீடு, நாலாவது மாடி. மாப்பிள்ளை 2020 ஊரடங்கில் உடம்பைக் கவனிக்க ஆரம்பித்தவர். மார்ச்சில் ஜிம்களை மூடினார்கள். தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 10-ஆம் தேதிதான் திறக்க அனுமதி வந்தது. இடைப்பட்ட மாதங்களில் டம்பல்ஸ் கிடைப்பது குதிரைக்கொம்பு. மாப்பிள்ளை அப்போது தண்ணிக் கேனைத் தூக்கினார். 20 லிட்டர், 20 கிலோ, கைப்பிடி உண்டு, வீட்டில் ஏற்கெனவே அதற்கென்று ஒரு மூலையும் உண்டு. பெயிண்ட் டப்பாக் காலத்து ஆளான எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அப்போதுதான். எடை குறைய வேண்டுமென்றால் குடித்துக்கொள்ளலாம்.

பிறகு கடைகள் திறந்தன. மாப்பிள்ளை பத்துக்குப் பத்து அறை ஒன்றை ஒதுக்கி முறையாக ஆரம்பித்தார். ஒலிம்பிக் பாரின் நீளம் 2.2 மீட்டர். பத்தடி அறையில் நடுவாக வைத்தால் இரு பக்கமும் மிஞ்சுவது ஒன்றரை அடிக்கும் குறைவு. அந்த இடுக்கில் நின்றுகொண்டு 20 கிலோ பிளேட்டைச் சொருக வேண்டும். சொருகலாம், பின்புறம் சுவரில் தேய்ந்து சுண்ணாம்பு ஒட்டிக்கொள்ளும். ஐந்தடி பார் வாங்குங்கள் என்றேன். வாங்கினார். அதற்கு ஏற்ற பிளேட்டுகள் 1 அங்குலத் துளை. ஆனால் ஆசைப்பட்டு முன்பே வாங்கிவிட்ட பிளேட் ட்ரீயின் கொம்புகள் ஒலிம்பிக் பிளேட்டுக்கானவை, 2 அங்குலம். பிளேட் ஏறவில்லை. கடைசியில் பிளேட்டுகள் சுவரில் சாய்ந்து நின்றன, பெரியது உள்ளே, சிறியது வெளியே. ட்ரீயின் கொம்புகளில் துண்டும் பனியனும் தொங்கின.

மகளுக்கு அந்தக் கோலம் பிடிக்கவில்லை. சுவரில் துளைப் பலகை மாட்டி, ஒவ்வொரு கொக்கிக்கும் பெயர் ஒட்டி, பேண்ட், கயிறு, கையுறை என்று வரிசைப்படுத்தினாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கெட்டில்பெல்லையும் அதில் தொங்கவிட்ட அன்று ராத்திரி பலகை கழன்று விழுந்தது. இந்த அடுக்குமாடிகளில் அறைத் தடுப்புச் சுவர் நாலு அங்குல இலேசு கல். சாதாரண பிளக்கும் ஸ்குருவும் காலண்டரைத் தாங்கும், இரும்பைத் தாங்காது. கனம் தொங்க வேண்டுமென்றால் கான்கிரீட் தூணைத் தேடித் துளை போட வேண்டும், அல்லது ஊடுருவி மறுபக்கம் வரை போல்ட் போட வேண்டும். மறுபக்கம் சமையலறை அலமாரி. கெட்டில்பெல் அதன்பிறகு தரையில்தான். ரப்பர் பேண்டுகளை மட்டும் ஜன்னலோரக் கொக்கியிலிருந்து மாற்றச் சொன்னேன். வெயில் பட்டால் வெடித்துப்போகும்.

பலகை விழுந்த சத்தத்துக்கு மூன்றாவது மாடியிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. அடுத்த நாள் அசோசியேஷன் செயலாளரே வந்து, சார், ஏதாவது மேட் போடுங்க என்றார். ரப்பர் ஓடு வாங்கிப் பதித்தார்கள். சாமானை விட அதை வைக்கிற சாமானுக்கும், அதை விட அது விழும் தரைக்கும் கூடச் செலவு என்று மகள் கணக்கு நோட்டில் எழுதியிருந்தாள்.

தரை என்றதும் முடிச்சூர் ஞாபகம் வருகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் வந்தபோது, தெரிந்தவர் ஒருவரின் தரைத்தள ஜிம் முழுகியது. டிரெட்மில்லின் மோட்டார் முன்பக்கம், கணுக்கால் உயரத்தில் இருக்கிறது. பெஞ்சுகளின் பஞ்சு ஊறி நாறிப்போனது. வார்ப்பிரும்புப் பிளேட்டுகள் சேற்றோடு கிடந்தன. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் விட்டுத் துடைத்ததும் பழையபடி ஆகிவிட்டன. அவர் அதன்பிறகு டிரெட்மில்லை இரண்டடி மேடை கட்டி அதன்மேல் வைத்தார். உறுப்பினர்கள் ஏணி வைத்து ஏறி, இருந்த இடத்திலேயே நடந்துவிட்டு, ஏணியில் இறங்கினார்கள்.

இவையெல்லாம் கடைசியில் போய்ச் சேரும் கிடங்கு ஒன்று உண்டு. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. ராக்கும் இல்லை, கேட்லாக்கும் இல்லை. பழைய டிரங்க் ரோட்டில் விரித்த தார்ப்பாயில், உடைந்த மிக்சிக்கும் பழைய செல்போன் சார்ஜருக்கும் நடுவே டம்பல்ஸ் கிடக்கும். விற்பவர் எதையும் எடுத்த இடத்தில் வைக்கச் சொல்வதில்லை. எடுத்தவர் வாங்காமல் போனால்தான் கோபம். ஊரடங்கு முடிந்த அடுத்த வருஷங்களில் நான் அங்கே பார்த்த சாமான்களில் பாதிக்கு மேல் பெயிண்ட் கூட உரியவில்லை.

சேலையூர் ஜிம் நன்றாகவே போகிறது. பெண்களுக்குக் காலையில் தனி நேரம். பாதிக் கூட்டம் அவர்கள்தான், அவர்கள் போன பிறகு ஹால் ஓரளவு ஒழுங்காகவும் இருக்கிறது. சாயங்காலக் கூட்டத்தில்தான் சிக்கல். ராக் பளபளக்கிறது, ஒவ்வொரு இருக்கையிலும் எடை எண் ஒட்டியிருக்கிறது, 'பயன்படுத்திய எடைகளைத் திரும்ப வைக்கவும்' என்று இரண்டு மொழியில் பலகை இருக்கிறது. 15 கிலோவின் இடத்தில் 7.5 இருக்கிறது. 7.5-இன் இடத்தில் தண்ணீர் பாட்டில். 25 கிலோ ஜோடி பிரிந்துபோய், ஒன்று பெஞ்சுக்கு அடியில், ஒன்று கண்ணாடிக்கு எதிரே. ஒருநாள் பொறுக்க முடியாமல், "தம்பி, எடுத்த இடத்துல வைப்பா" என்றேன். அந்தப் பையன் காதிலிருந்த ஒயரில்லாத கருவியைக் கழற்றி, மரியாதையாகத்தான் பதில் சொன்னான்: "அங்கிள், அதுக்கு ஆள் இருப்பாங்க. அதுக்கும் சேத்துதான் ஃபீஸ் கட்றோம்."

ஐம்பது பஸ்கி போடச் சொல்ல முடியாது. போட்டால் அதை வீடியோ எடுப்பார்கள், அடுத்த மாதம் சந்தா கட்டமாட்டார்கள். ஆகவே அக்கா பையன் ஆளைப் போட்டான். கூடுவாஞ்சேரியிலிருந்து எலெக்ட்ரிக் டிரெயினில் வரும் ஒல்லிப் பையன். சாயங்காலம் ஐந்திலிருந்து பத்து வரை வேலை. யார் எதைப் போட்டாலும் எடுத்து, துடைத்து, எண் பார்த்து அதன் இடத்தில் வைக்க வேண்டும். இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கித் தூக்கு என்று முதல் வாரம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கனமானது கீழ் அடுக்கு என்பதால் ஒவ்வொரு தடவையும் முழுசாகக் குந்தி எழ வேண்டும். ஒரு சாயங்காலத்துக்கு அவன் கையில் எத்தனை டன் ஏறி இறங்குகிறது என்று கணக்குப் பார்க்கலாமென்று நினைத்து விட்டுவிட்டேன்.

ஒரு வருஷத்துக்குள் அந்த ஜிம்மிலேயே அவன் உடம்புதான் பார்க்கும்படி ஆகிவிட்டது. தோள் அகன்று, தொடை இறுகி, இரண்டு பக்கமும் சமமாக. உறுப்பினர்கள் தனியாகக் கூப்பிட்டு, என்ன பவுடர் சாப்பிடுகிறாய் என்று விசாரிக்கிறார்கள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு, அவர்கள் காலடியில் கிடப்பதைப் பொறுக்கிப் போகிறான். அக்கா பையனுக்குக் கவலை வேறு. குரோம்பேட்டையில் ஒரு ஜிம் அவனை டிரெய்னராகக் கூப்பிடுகிறதாம், சம்பளமும் கூடவாம். போய்விட்டால் இந்த ராக்குகளை யார் பார்த்துக்கொள்வது என்று என்னைக் கேட்கிறான்.